கஸோல் என்று எழுதிய மூடி

மர்சேல் அண்ணன் இறந்த செய்தியை அவர் மனைவி ரொசாலி அக்காதான் போனில் சொன்னார். அழவில்லை. "உங்க அண்ணன் காலையில போயிட்டாரு. நினைவுக் கூட்டத்துக்கு வரும்போது அந்த மூடிய எடுத்துக்கினு வா. கடைசியா அதான் சொன்னாரு" என்றார். கருவடிக்குப்பத்தில் என் வீட்டு பீரோவில் வருடக்கணக்காகக் கிடந்த டேங்க் மூடி அது. இதோ, இந்த மேஜைமேல் வைத்திருக்கிறேன். இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு உட்காரச் சொன்னார்கள். அந்த நாலும் கடைசியில் வரும்.

அப்போது நான் ஒரு ஐஸ் கம்பெனியில் டிரைவர். ராணுவம் கழித்துவிட்ட, பெட்ரோலில் ஓடும் லாரி ஒன்று இருந்தது. வைத்திக்குப்பத்துப் படகுகளுக்கு ஐஸ் இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் டேங்க் வறண்டுவிடும். கம்பெனியின் பெரியவர் அதற்கு டீசல் இன்ஜின் மாற்றச் சொல்லி, உப்பளம் பகுதியில் இருந்த மர்சேல் அண்ணன் பட்டறையில் விட்டார். அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

பழைய இன்ஜினை இறக்கி, சட்டத்தில் தாங்கிகளை அறுத்து வேறு வைத்து, டீசல் இன்ஜினை உட்கார வைத்தார். அதோடு விடவில்லை. டேங்கை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். "இஞ்சின தூக்கி வெச்சிடலாம் தம்பி. வண்டி அத தன்னோடதுன்னு ஒத்துக்கணும்" என்றார். பிறகு டேங்க் மூடியில் சிவப்பு பெயின்ட்டால் பிரெஞ்சில் 'கஸோல்' என்று எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் டீசலை அப்படித்தான் சொல்வார்கள். "தமிழ்ல எழுதக் கூடாதா அண்ணே?" என்றேன். "வாய் இருக்கறவன் கேட்டுத் தெரிஞ்சிப்பான் போடா" என்று சிரித்தார். அந்த வேலையில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

அடுத்த வாரமே பெரியவர் படுக்கையில் விழுந்தார். அமெரிக்காவில் இருந்த மகன் வந்து முதலாளியானார். இன்ஜின் மாற்றிய விஷயம் அவருக்குத் தெரியாது. ஒருநாள் லோடோடு போகும்போது அவரும் கூட வந்தார். பங்க்கில் வண்டியை விட்டுவிட்டு எதிரே டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் டேங்கில் பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கிறது.

"சார், இது டீசல் வண்டி சார்!"

"மூடியில எழுதியிருக்கு பாரு. கேஸோலின். கடைசி எழுத்துங்க அழிஞ்சிருக்கு. அமெரிக்காவுல பெட்ரோலுக்கு அதான் பேரு. எனக்கே சொல்லித் தரியா? ஏறுய்யா."

ஏறினேன். உப்பளம் தாண்டவில்லை, இன்ஜின் தட்டி, இருமி, நின்றது. டீசல் பம்ப் இறுகிப்போயிருந்தது. ஐஸ் முழுவதும் ரோட்டில் தண்ணீராய் ஓடியது.

மர்சேல் அண்ணன் டேங்கிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். "மோந்து பாருங்க சார், பெட்ரோல்" என்றார். முதலாளிக்கு அதற்குள் எல்லாம் புரிந்திருந்தது. ஆனாலும் இருபது ஆட்களுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா போட்ட?" என்று கேட்டார். எனக்கு வேலை வேண்டும். "டீசல் சார்" என்றேன். "செத்த இன்ஜினை எங்கப்பா தலையில கட்டிட்ட திருட்டுப் பய நீ" என்று அண்ணனை வெளியே தள்ளச் சொன்னார். அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார்.

அதன்பிறகு பட்டறைக்கு லாரி வரவில்லை. லாரி இன்ஜினைப் பிரித்த கை தண்ணீர் மோட்டார் பிரித்தது. மன்னிக்கிற ஆள் இல்லை அண்ணன். பட்டறைச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்பில் 'கஸோல்' என்று எழுதி வைத்தார். முதலாளி தினமும் அந்த வழியாகத்தான் கார் ஓட்டிப் போக வேண்டும். ஊர்க்காரர்கள் அதைக் கடையின் பெயர் என்று நினைத்துக் கஸோல் கடை என்றே கூப்பிட்டார்கள். வருடாவருடம் புதுப் பெயின்ட் அடிப்பார். "சர்ச்சுக்கு வெள்ளை அடிக்க மறந்தாலும் மறப்பேன், இத மறக்க மாட்டேன்" என்பார்.

வண்டி காயலான் கடைக்குப் போனபோது மூடியைக் கழற்றிக்கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "கஸோல்னா டீசல்னு அந்த மொதலாளி வாயால சொல்லணும். அது வரைக்கும் நீயே வெச்சிக்க. உனக்கும் தண்டனை வேணாமா?" என்றார். என்மேலும் அவருக்குக் கோபம் இருந்தது. நியாயமான கோபம்.

அந்த முதலாளிதான் இன்றைய கூட்டத்துக்குத் தலைமை. நோட்டீஸில் 'தொழில் மேதை மர்சேலுக்கு அஞ்சலி' என்று அவர் பெயரில் அச்சாகியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது திருட்டுப் பயல், பெட்டிக்குள் போனதும் மேதை.

அன்றைக்கு அந்த வண்டியில் போட்டது பெட்ரோல். நான் சொன்னது பொய். மர்சேல் திருடன் இல்லை. அவர் வைத்த இன்ஜின் நல்ல இன்ஜின். கேட்ட நாலு வார்த்தையும் இவைதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை மட்டுமே. மூடி இனி எனக்கு வேண்டாம். முதலாளி, இது உங்கள் வண்டியுடையது. எழுத்து எதுவும் அழியவில்லை, நன்றாகப் பாருங்கள். இதோ மைக். ரொசாலி அக்காவுக்குக் கேட்கும்படி, அர்த்தத்தோடு சேர்த்துப் படியுங்கள்.