வெள்ளைத் தங்க விளிம்பு

நிச்சயதார்த்தத் தட்டில் மாப்பிள்ளைக்கு வாட்ச் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு நிச்சயம் செய்ய வந்தபோது, துபாயில் கடிகாரக் கடையில் வேலை பார்த்த என் அண்ணன் கொண்டுவந்ததை வைத்தோம். யாரோ கட்டிப் பழகியது, முதலாளி சல்லிசாகக் கொடுத்தாராம். கண்ணாடியைச் சுற்றி வரிவரியாக வெட்டிய விளிம்பு வெள்ளைத் தங்கம். மற்றதெல்லாம் ஸ்டீல். அப்பாவோ தங்க வாட்ச் வருகிறது என்று சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அதுதான் வினை.

மாப்பிள்ளையின் அப்பா அதைப் புரட்டிப் பார்த்தார். "என்னங்க தம்பி, எவர்சில்வர வச்சிருக்கீங்க?"

"விளிம்பு மட்டும் வெள்ளைத் தங்கங்க மாமா" என்றான் அண்ணன்.

"தங்கம் எந்த ஊர்லங்க வெள்ளையா இருக்குது? எங்க வேப்பூர்ல மஞ்சளாத்தான் இருக்குது" என்றார் அவர் தங்கச்சி. கூடமே சிரித்தது.

நகையை உரசிப் பார்க்காமல் அவர்கள் வெற்றிலை மாற்றமாட்டார்கள். அதற்கென்றே ஒரு நகை ஆசாரியைக் கூட்டி வந்திருந்தார்கள். வரிவரியான விளிம்பை உரசத் தோதில்லை என்று அவர் பின்மூடியை உரைகல்லில் உரசினார். ஆசிட் விட்டதும் கோடு கரைந்தது. "இரும்புங்க" என்றார். அண்ணன் கெஞ்சியபிறகு விளிம்பையும் உரசினார். அந்தக் கோடு கரையாமல் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். "அப்ப அத மட்டும் கழட்டி மோதிரமா அடிச்சிக் குடுங்க. இரும்ப நீங்களே வச்சிக்கங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சரிங்க மாமா" என்றான் அண்ணன். என் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அவனுக்கு.

நான் அப்போது விருத்தாசலத்தில் ஒரு கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பித்தளை மாட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் ஓடப் பித்தளை, கை படும் இடத்தில் பீங்கான். பித்தளை கம்மி என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. வாட்சும் அப்படித்தான். தங்கத்தில் சீக்கிரம் கீறல் விழும், அதனால் இடிபடுகிற, வேர்வை படுகிற இடமெல்லாம் ஸ்டீல். வெட்டி மினுக்கவேண்டிய விளிம்பில் தங்கம். முழுக்கத் தங்கமென்றால் விலையும் கனமும் ஏறிவிடும். ஸ்டீலோடு நிறம் ஒத்துப்போகத்தான் வெள்ளை.

தெரிந்தவன் மட்டும் கண்டுபிடிக்கிற தங்கம் அது. எங்கள் ஊரில் தங்கம் என்பது, தெரியாதவன் பார்ப்பதற்காகப் போடுவது. தெருக்கோடியிலிருந்தே பளிச்சென்று தெரியவேண்டும், அவசரத்துக்கு உருக்கவும் வேண்டும். அந்தக் கணக்கில் மாப்பிள்ளையின் அப்பா கேட்டதில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் கட்டிக்கொள்ளப்போகிறவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஓடுகிற வாட்சைப் பிரிக்கச் சொல்கிறார்கள். வேண்டும், வேண்டாம், ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையும் கழட்ட வேணாண்ணா. வாட்ச எடுத்து உள்ள வை" என்றேன்.

"பொண்ணு இப்பவே பேசுது!" என்றார் வேப்பூர் அம்மா.

"ஆமாங்க, பேசுவேன். போயிட்டு வாங்க." வெற்றிலை மாற்றாமலே அவர்கள் எழுந்து போனார்கள்.

லீவு முடிந்து கிளம்புகிறவரை அண்ணன் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. வாட்சை அவனே கட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.