நடராசா அண்ணையின் தண்ணீர் முறை

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தபாற் கந்தோரில் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தபாற்காரர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார். "பிள்ளை, எங்கடை நடராசா அண்ணை மோசம் போயிட்டாராம்." முந்தின நாள்தான் நெஞ்சு நோகுதென்று அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம். உயிரோடு திரும்பி வருவார் என்றே நினைத்திருந்தேன். கையிலிருந்த அதே கடிதத்துக்குத் திரும்பத் திரும்ப முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

சென்ற வருடம் இளைப்பாறும்வரை அவர் எங்கள் தபாற் கந்தோரில் கிளாக்கர். வட்டுக்கோட்டையில் எனக்கு அடுத்த வளவுக்காரர். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. ஒருநாள் இறைப்பு அவருக்கு, மறுநாள் எனக்கு. எங்கள் பக்கத்தில் நன்றாகக் காய்த்த பந்தலை யாரும் வாயால் சொல்லமாட்டோம். நாவூறு பட்டுவிடுமே! "ஏதோ கிடக்குது" என்று மழுப்புவோம். அவரோ முத்திரை வாங்க வருபவர்களையும் விடமாட்டார். "என்ரை பயற்றங்காயை ஒருக்கா வந்து பாருங்கோ, பிறகு கதையுங்கோ" என்பார். "நாவூறுக்குப் பயந்தால் காய்ச்சென்ன, காயாட்டியென்ன?" என்று சிரிப்பார்.

புடலங்காய் சுருளாமல் நீள்வதற்கு நுனியில் சிறு கல் கட்டுவது வழக்கம். ஊரிலேயே நீளமான காய் தன்னுடையதாக இருக்கவேண்டுமென்று அண்ணை காலைக்குக் காலை கல்லைப் பெரிதாக்கினார். கந்தோரில் எல்லோரையும் பார்க்க வரச்சொன்ன அன்றைக்கென்று பார்த்து, காய் பாதியில் முறிந்து கிடந்தது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். மனிதர் அசைந்தாரா? "முறிஞ்ச துண்டே உங்கடை முழுக்காயிலும் பார்க்க நீளம். அளந்து பாருங்கோவன்!" உண்மையாகவே நீளந்தான். அன்று எங்கள் எல்லோருக்கும் அவர் வீட்டில் புடலங்காய்ப் பால்கறியோடு சாப்பாடு.

சண்டையால் மண்ணெண்ணெய் வராத அந்தக் கோடை வேறு விதம். பம்ப் சும்மா கிடந்தது, துலாவால் அள்ளினோம். வைகாசி பிறக்கக் கிணறு அடியைத் தொட்டது. இனி ஒரு தோட்டந்தான் பிழைக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது. காங்கேசன்துறைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த உறவுகள் இரண்டு வீட்டிலும் நிறைந்திருந்தார்கள்; சந்தையில் மரக்கறி தொடமுடியாத விலை. நல்லநாள் பார்த்துப் பார்த்து அண்ணை அந்த வருடம் பிந்தி விதைத்திருந்தார். அவருடைய பந்தலில் பூ, என்னுடையதில் பிஞ்சு. ஆனாலும் அந்த மனிதரிடம் போய் உங்கள் தோட்டத்தை விட்டுவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

அவருடைய முறை நாளன்று விடியற்காலையில் துலாச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தண்ணீர் என் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ அண்ணை, இண்டைக்கு உங்கடை முறையெல்லே?"

"ஓம், என்ரை முறைதான். அதுதான் என்ரை விருப்பத்துக்கு விடுறன்." வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வரியம் உம்மடை பந்தல்தான் முந்தி நிக்குது, தங்கச்சி. பிஞ்சு பிடிச்சதைக் காயவிடக்கூடாது."

இன்னொருவர் தோட்டத்தைத் தன்னுடையதற்கு மேலாக அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அவருடைய கொடிகள் எங்கள் கண்முன்னே சருகாகின. நான் அடுப்படிக்குள் போயிருந்து அழுதேன். அவரோ கந்தோரில், "தங்கச்சியின்ரை புடலங்காயை வந்து பாருங்கோ, அதுமாதிரி ஒண்டு வட்டுக்கோட்டையிலையே இல்லை" என்று முழங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கோடை முழுவதும் இரண்டு வீடும் அந்த ஒரு பந்தலில் சாப்பிட்டது.

இந்தக் கோடையிலும் கிணறு வேகமாக இறங்குகிறது. அவர் கடைசியாக விதைத்த பாகலும் புடலும் பந்தலேறிவிட்டன. செத்தவீடு முடிந்த மறுநாள் அவர் மனைவி அன்னம் அக்கா, "இனி எங்கடை முறையையும் நீரே எடும் பிள்ளை. இஞ்சை ஆர் இறைக்கிறது?" என்றார். எடுத்துக்கொண்டேன். இரண்டு முறைத் தண்ணீரும் அவருடைய பாத்திகளுக்குத்தான் போகிறது. என் பாத்திகள் காய்ந்து கிடக்கின்றன, கிடக்கட்டும்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த வாயைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரும்போது பின்வளவுக்கும் வந்து பாருங்கள். நடராசா அண்ணையின் பந்தல்தான் இந்த வருடம் ஊரிலேயே முதல். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.