ரவுண்டு போட்ட கதவு

எங்கள் தாராவிச் சந்தில் இங்கிலீஷே தெரியாதவர்கள் வாயிலும் புழங்கிய வார்த்தை 'ரவுண்டு'. போலீஸ்காரர் ரவுண்டு வருவார். மாமா சாயங்காலமானால் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு ரவுண்டு அடிப்பார். தோசை ரவுண்டாக வராவிட்டால் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் ரவுண்டு என்றால் வட்டம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பு. திமிருக்குக் கேட்க வேண்டுமா!

அறுபதுகளில் ஒரு கோடையில் எங்கள் பக்கம் பெரியம்மை வந்தது. சந்தில் பேச்சே குறைந்துபோனது. பட்டப்பகலில் குழாயடியில் தண்ணீர் சொட்டுவது வீட்டுக்குள் கேட்கும். அம்மை குத்துகிறவர்கள் வீடு வீடாக வந்தார்கள். எல்லாருக்கும் குத்தியாகிவிட்டால் கதவில் சாக்பீஸால் ஒரு ரவுண்டு போடுவார்கள். யாராவது பாக்கி என்றால் பெருக்கல் குறி. மறுநாள் திரும்ப வருவார்கள்; அம்மை கண்ட பிள்ளை இருந்தால் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிப் போவார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்த சித்தியின் கதவில் பெருக்கல் குறி விழுந்தது. பிள்ளை வெளியே போயிருக்கிறான் என்று சித்தி சொல்லிவிட்டாள். ஒன்றரை வயதுத் தம்பி எங்கே போவான்? சேலைத் திரைக்குப் பின்னால் வேப்பிலையின்மேல் கிடந்தான். என்னைத் திரை தாண்ட விடவில்லை. பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் மட்டும் உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, நீ படிச்ச புள்ளைல்லா? அத அழிச்சிட்டு ஒரு ரவுண்டு போட்டு விடு."

"அழிச்சா ஏசுவாங்களே சித்தி?"

"போடு தாயி. இல்லன்னா நாளைக்கு எம்புள்ளைய வண்டில தூக்கிப் போட்டுட்டுப் போயிருவானுவ. போன புள்ள எது திரும்பி வந்திருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னைப் பிடித்திருந்த கை மட்டும் சில்லிட்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவள் கழற்றித் தந்த வளையலைக் கதவில் வைத்து, பள்ளிக்கூடத்திலிருந்து சுட்டு வந்த சாக்பீஸால் சுற்றி வரைந்தேன். கொஞ்சமும் கோணவில்லை.

மறுநாள் பெட்டியோடு வந்தவர் அந்தக் கதவின்முன் நின்று ரவுண்டைப் பார்த்தார். உள்ளே முனகல் கேட்டது. எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை போலும். "யே ஹோ கயா", இந்த வீடு முடிந்தது என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு நடந்தார். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் காலையில் முனகல் நின்றுபோயிருந்தது. "தம்பிக்குச் சரியாயிட்டா?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தாள்.

அன்று மத்தியானம் எதிர்வீட்டுப் பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் பின்னாலேயே கடைசி வீட்டுப் பெண்ணும் வந்தாள். சித்தி வீட்டுக்குள் யாரும் நுழையாமல் போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அவர்கள் கதவுகளிலும் ரவுண்டு வேண்டுமாம். பெரியவர்கள் இத்தனை பேர் என்னைத் தேடி வருகிறார்களே என்ற பெருமை தாங்காமல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தக் கதவுகளுக்குப் பின்னாலும் ஒவ்வொரு பிள்ளை கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.