கஞ்சி ஆறுது மாமா

எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை கூசுகிறது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போது குழம்புகிறது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பாட்டுக்காரர் இருந்தார். பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்குவார். கல்யாணம், காதுகுத்து என்றால் டோலக்குக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவார். அத்தனையும் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத நான், அவர் பாட்டில் யாராவது ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் மட்டும் சண்டைக்குப் போவேன்.

அதிலும் ‘கதவு தொறந்து கீது, கஞ்சி ஆறுது, வா மாமா’ என்றொரு பாட்டு. டோலக்கில் அடி விழுந்ததும் கிழவர்கள்கூட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பெண்டாட்டி புருஷனைக் கொஞ்சிக் கூப்பிடுகிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, எங்களோடுதான் இருந்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது கடலுக்குப் போன பெரியப்பா திரும்பவில்லை. படகும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. பெரியம்மா தாலியைக் கழற்றவில்லை. தினமும் சாயங்காலம் கஞ்சியும் ஒரு துண்டு கருவாடும் தட்டில் மூடி அடுப்போரம் வைப்பாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். காலையில் அந்தக் கஞ்சி கோழிக்குப் போகும். கருவாட்டுக்கு நான் கை நீட்டினால் அடி விழும். இதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் பெரியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள்.

மாதா கோயில் திருவிழாவில் ஒரு சாயங்காலம் அவர் பாட்டு என்றார்கள். வரமாட்டேன் என்ற பெரியம்மாவை நான்தான் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் வந்தாள். மேடையில் பார்த்தால் அவர் ஒற்றை ஆள். மடியில் புல்புல்தாரா என்ற கம்பி வாத்தியம் மட்டும். டோலக்குக்காரர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார்களாம்.

“டோலக்க அடகு வெச்சிட்டியா நைனா?” என்று ஒருவர் கத்தினார்.

“இன்னிக்கு நான் தனியாதான். கேக்கறவன் கேளு, போறவன் போயிகினே இரு” என்றார் அவர்.

நாலைந்து பாட்டு ஆனதும் நான் என் பாட்டைக் கேட்டுக் கூவினேன். அவர் என் பக்கம் திரும்பினார். என் பக்கத்தில் இருந்த பெரியம்மாவையும் பார்த்தார். கொஞ்ச நேரம் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பாப்பா, இது நான் கட்டுன பாட்டு இல்ல. கடக்கரையில ஒரு அக்கா அழுதுகினு இருந்துச்சு. நான் பொறுக்கினு வந்து தாளம் போட்டுட்டேன்.”

பெரிய ஆட்கள் அடக்கமாக இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடி இல்லாமல் மெதுவாக இழுத்துப் பாடினார். ஒருவரும் ஆடவில்லை. பாட்டைக் கெடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். கடைசியில் ‘கஞ்சி ஆறிப்போச்சு மாமா’ என்று முடித்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“தப்பு! ஆறிப்போச்சு இல்ல, ஆறுது!”

யாரும் சிரிக்கவில்லை.

“அந்த அக்கா சொன்ன மாதிரி இன்னிக்குத்தான் பாடினேன் பாப்பா” என்றார்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். திரும்பிப் பார்த்தால் பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

நாங்களும் பின்னாலேயே ஓடினோம். வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அம்மா தட்டினாள். பெரியம்மா திறந்தாள், நாங்கள் உள்ளே வந்ததும் மறுபடி போட்டாள். அடுப்போரம் மூடியிருந்த தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“ஆறிப்போச்சு. நீ துன்னு.”

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்குக் கருவாடு கிடைத்த சந்தோஷம். கஞ்சியில் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. இவளும் தப்பாகச் சொல்கிறாளே என்று, “ஆறல பெரிம்மா, சூடாதான் கீது” என்றேன்.

பெரியம்மா எதிரில் உட்கார்ந்தாள். நான் வழித்துத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டுக்காரர் அன்றைக்கு ‘ஆறிப்போச்சு’ என்றுதான் முடித்தாரா, பெரியம்மா சொன்னதை நான் பாட்டில் சேர்த்துவிட்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்று கோயிலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள்.