அவனைக் குடிக்க வைக்க முடியவில்லை

எழுபதுகளின் தொடக்கத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டே வானொலிக்கு வாராந்த நாடகமொன்று எழுதிவந்தேன். வாவியில் மீன்பிடிக்கும் ஒரு குடிகாரனின் கதை. நடுவில் அவன் குடியை விடுவான். பிறகு மறுபடியும் குடித்து, தோணி கவிழ்ந்து இறந்துபோவான். என் சித்தப்பா அப்படித்தான் போனார். அந்தச் சாவை எழுதத்தான் நாடகத்தையே தொடங்கியிருந்தேன்.

அவன் குடியை விட்ட பகுதி ஒலிபரப்பான பிறகு, வாவியைக் கடக்கும் தோணியில், மீன் விற்கும் பெண்ணொருத்தி என்னருகே வந்து அமர்ந்தாள். தினமும் பார்க்கிற முகம், பேசியதில்லை.

"ரீச்சர்தானே அந்த நாடகம் எழுதுறது?"

"ஓம்."

"எங்கட ஊட்டு மனிசனும் றேடியோவில கேக்காரு. அவன் விட்டா நானும் விடுறன் எண்டாரு. இப்ப தொடுறல்ல. புள்ளைகள் பயமில்லாமப் படுக்குதுகள். அவனத் திரும்பக் குடிக்க வச்சிராதீங்க ரீச்சர்."

"அது கதைதானே."

"எனக்குத் தெரியும். அவருக்கு ஆரு சொல்ற?"

அவன் மறுபடி குடிக்கும் பகுதி, தபாலில் போட என் பையிலேயே இருந்தது. போடவில்லை. புதிதாக எழுதினேன். அவன் வலை வாங்கினான். அடுத்த வாரம் கூரை வேய்ந்தான். அதற்கடுத்த வாரம் மாடு வாங்கினான். எழுத எழுத எனக்கே சலித்தது.

விடுமுறையில் கொழும்பு போனபோது தயாரிப்பாளர் கேட்டார்: "உங்கட ஆள் திருந்தினதில இருந்து ஒண்டுமே நடக்கேல்லையே?"

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரு வீட்டுக்காக நாடகம் எழுதேலாது, மிஸ்."

அவர் சொன்னது சரிதான். ஊருக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன். போத்தலை அவன் கையில் கொடுக்கும் இடம் வரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். பகுதி போய்ச் சேராததால் நாடகத்தை நிறுத்திவிட்டார்கள்.

சில நாட்களுக்குப் பின் அவளைத் தோணியில் கண்டேன். ஒரு கண் வீங்கியிருந்தது.

"நாடகம் வாற நேரத்துக்கு றேடியோவப் போட்டாரு. வேற என்னவோ பாட்டுப் போச்சு. எழும்பி வெளிய போனாரு, ரீச்சர். குடிச்சிட்டுத்தான் வந்தாரு."

"நான் இன்னும் கொஞ்சம்..." என்று தொடங்கினேன்.

"நீங்க எவ்வளவு நாளைக்கு எழுதுவீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கரை வந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.