பிளக் குழியில் குங்குமம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டிலும் சொல்வார்கள், ஆபீசிலும் சொல்வார்கள். நானும் அதைப் பெரிதாக மறுத்ததில்லை. கோபக்காரன் மனசில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேச மாட்டான் என்று எனக்கு நானே ஒரு சர்டிபிகேட் கொடுத்து வைத்திருந்தேன். அந்த சர்டிபிகேட் சந்தி சிரித்த கதைதான் இது.

கல்பாக்கத்தில் எனக்கு அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை. எது எங்கே கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம். கருவி தகராறு செய்தால் நாங்கள் முதலில் கேட்பது, கடைசியாக இதில் யார் கை வைத்தது, என்ன செய்தது என்பதைத்தான். யாராவது மழுப்பினால் அங்கேயே எரிந்து விழுவேன். ஒரு பொய்த் தகவல் வந்தால் ஒரு நாள் முழுக்க வீண் என்று லெக்சர் அடிப்பேன்.

என் காருக்குப் பதினேழு வயது. அதைப் புதுப்பட்டினத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு மெக்கானிக்கிடம்தான் விடுவேன். குப்பத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, இவர் மட்டும் இன்ஜின் பக்கம் வந்துவிட்டார். எங்கள் குடியிருப்பு ஆட்களின் வண்டிகள்தான் அவருக்குச் சோறு. போன ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் சர்வீஸ் செய்து, பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கிற நாலு பிளக்கையும் புதிதாக மாட்டிக் கொடுத்தார். சாவியைத் தரும்போது ஒன்று சொன்னார். பூஜைக்குக் கழுவுகிறேன் என்று பானெட்டைத் திறந்து தண்ணீர் விடாதீர்கள், இந்த ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு, துணியால் துடைத்தால் போதும் என்றார்.

நான் கேட்டேனா? பூஜையன்று காலையில் பானெட்டைத் திறந்து, ஹோஸ் பைப்பை எடுத்து இன்ஜினைக் குளிப்பாட்டினேன். கடல் காற்றில் எல்லாவற்றின் மேலும் பொரபொரவென்று ஒரு உப்புப் படலம், அதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. மனைவி குழாயடியில் நின்றுகொண்டு, இது வேண்டாம் என்றுதானே அவர் சொன்னார் என்றாள். உனக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்றேன். பிறகு சக்கரத்துக்கு எலுமிச்சை, கண்ணாடிக்கு மாலை, இன்ஜினின் மேல் மூடி வரைக்கும் சந்தனம் குங்குமம். மறுநாள் பார்த்தால் ஈரத்தில் குங்குமம் வழிந்து அசிங்கமாக இருந்தது. மறுபடியும் பைப்பைப் பிடித்தேன்.

நாலு நாள் கழித்து வண்டி தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும். பாலம் ஏறும்போது விக்கல் எடுக்கிற மாதிரி குலுங்கும். நின்றால் ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம். நேராகக் கொட்டகைக்குப் போனேன். அங்கே என் ஆபீஸ்காரர் ஒருவர் தன் வண்டியை எடுக்க வந்து நின்றிருந்தார். வருகிற வழியிலேயே தொண்டை வரை கோபம் இருந்தது, அவரைப் பார்த்ததும் குரலும் ஏறிவிட்டது. சர்வீஸ் செய்த பிறகுதான் இப்படி ஆகிறது என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன்.

மெக்கானிக் பதறவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்ஜின் மேல தண்ணி வுட்டு கழுவுனீங்களா சார்?"

"இல்லை" என்றேன்.

அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை. ஆபீஸ்காரர் பக்கத்தில் நிற்கிறார், மெக்கானிக் சொன்னதைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று எப்படி ஒப்புக்கொள்வது? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் தலையாட்டிவிட்டுப் பெட்ரோல் பக்கம் போனார். ஃபில்டரைக் கழற்றினார், இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அன்றைக்கு முழுக்க என் வண்டியோடுதான் மல்லுக்கட்டினார். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் அதே விக்கல். நான் அவரிடம் திரும்பிப் போகவில்லை, ஒரு போன்கூடப் போடவில்லை. ஆத்திரத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். நல்ல பிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பழசை மாட்டிவிடுகிறார், வண்டி விடுகிறவர்கள் ஜாக்கிரதை என்று. கடையின் அடையாளத்தையும் போட்டேன். பத்து நிமிடத்தில் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. தனக்கும் சந்தேகம் இருந்தது என்று ஒருவர், இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று இன்னும் சிலர்.

மனைவி அதைப் படித்துவிட்டு, "பைப் போட்டதை அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். நான் வள்ளென்று விழுந்தேன்.

இரண்டு வாரம் அப்படியே இழுத்துக்கொண்டு போனேன். கடைசியில் செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கிருந்தவர் இன்ஜினை ஓடவிட்டு, மேல் மூடியைக் கழற்றி, பிளக் வயர்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். முதல் வயரை உருவியதும் இன்ஜின் தொய்ந்தது. இரண்டாவதுக்கும் தொய்ந்தது. மூன்றாவதை உருவியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துத்தான் கிடந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். பிளக் உட்கார்ந்திருக்கிற குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. சுற்றி வெள்ளையாக உப்பு. தண்ணீர் சிவப்பாக இருந்தது.

அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், உள்ள வரைக்கும் பொட்டு வச்சிகிறீங்க?"

குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். புத்தம் புதுசு, நல்ல சரக்கு, மாட்டினவன் ஒழுங்காகத்தான் மாட்டியிருக்கிறான் என்றார். உப்புத் தண்ணீர் வழியாகக் கரண்ட் கசிந்து ஓடியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கருவி பழுது பார்க்கிறவன் என்று அங்கே நான் சொல்லிக்கொள்ளவே இல்லை.

திரும்பி வரும்போது வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்து குழுவில் ஒன்று எழுதினேன்: கார் சரியாகிவிட்டது, காரணம் வேறு, அனைவருக்கும் நன்றி. அனுப்புவதற்கு முன்னால் மனைவியிடம் காட்டினேன். "இதைப் படிச்சா யார் மேல தப்புன்னு யாருக்காவது புரியுமா?" என்றாள். அனுப்பவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் புதுப்பட்டினத்துக்குப் போனேன். கொட்டகையில் ஒரு கார்கூட இல்லை. அவர் ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பைப் போட்டது, இரண்டு தடவை போட்டது, செங்கல்பட்டில் பார்த்தது, குங்குமம், எல்லாம். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"உங்க பேச்ச நம்பித்தான் சார் அந்த மூடியயே நான் தொறக்கல" என்றார். "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிர்ந்தா அஞ்சு நிமிசத்து வேல. பெரிய வேலைல கீறவரு, பொய்யா சொல்லப் போறாருன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடமும் கோபம் இருக்கிறது, பதிலுக்குப் பதில் பேசித் தீர்த்திருக்கலாம். இவர் என்னை நம்பியிருக்கிறார்.

குழுவில் இப்போதே எழுதுகிறேன் என்று போனை எடுத்தேன். அங்கேயே நின்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன்: இவர் மேல் ஒரு தவறும் இல்லை, நான்தான் இன்ஜினில் தண்ணீர் விட்டுக் கெடுத்தேன், தெரியாமல் பழி போட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

அவர் முழுசாகக் கேட்டார்.

"தெரியாமன்னு போட்டுகிறீங்களே சார். நான் கேட்டப்போ தெரிஞ்சுதான இல்லன்னீங்க?"

அந்த வார்த்தையை அழித்தேன். அதற்குப் பதிலாக, அவர் நேராகக் கேட்டபோது பொய் சொன்னேன் என்று எழுதினேன். படித்துக் காட்டலாம் என்று நிமிர்ந்தபோது அவர் மறுபடியும் படகு இன்ஜினுக்குள் குனிந்துவிட்டிருந்தார். நான் அனுப்பினேன். உட்காரச் சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். சொல்லவில்லை.