எந்த முத்தையா?

போன வாரம் ஒரு பொண்ணோட கல்யாணப் பேச்சைக் கெடுத்துட்டேன். நான்தான்... வேற யாரும் இல்ல.

காலையில வாசல்ல உட்கார்ந்து, தீப்பெட்டி ஆபீஸ்ல கொடுத்த கட்டையில தீக்குச்சி அடுக்கிட்டு இருந்தேன். இடைசெவல்ல இருந்து மூணு பேர், பூவும் பழமுமா வந்தாங்க.

"ஆச்சி, முத்தையா வீடு எங்கன இருக்கு? பொண்ணு பார்க்க வந்திருக்கோம்."

எங்க தெருவுல முத்தையா மூணு பேர். அடையாளம் சேர்க்காம யாரையும் சொல்றதில்ல. பால்கார முத்தையா, டெய்லர் முத்தையா, அப்புறம்... கல்யாண வயசுல பொண்ணு இருக்கிறது அந்த மூணாமத்தவருக்குத்தான்.

"குடிகார முத்தையா வீடா? அந்தா, ரேஷன் கடைக்கு எதுத்தாப்புல!"

கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கமே திரும்பிட்டாங்க.

முத்தையா குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. கை நடுங்க, வேர்த்து ஊத்த, பாயில கிடந்து விட்ட மனுஷன். அப்ப கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளே நான்தான்!

டைபாய்டு வந்து பிழைச்சவரைக் காய்ச்சக்காரர்னு கூப்பிடுதோமா? இவருக்கு மட்டும் ஏன்? குடிச்சதுக்குப் பேர் வச்சோம். விட்டதுக்கு ஒரு பேர் வைக்கத் தோணலையே...

முத்தையா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சம்சாரம் செல்லம்மா அடுப்புல கேசரி கிண்டிட்டு இருந்தா.

"சித்தி... நீங்களா இப்படிச் சொன்னீக?"

"அவியளை வையாத ஏட்டி. நான் குடிச்சது பொய்யா?" என்றார் முத்தையா. துண்டை எடுத்துத் தோள்ல போட்டு வெளியே கிளம்பினார். மறுபடி குடிக்கப் போறாரோன்னு எங்க ரெண்டு பேருக்கும் பயம் — கேட்கவும் பயம்.

அவரே திரும்பிப் பார்த்தார். "வேலைக்குத்தான் போறேன்ட்டி. பொண்ணு பார்க்க வாராகன்னு லீவு சொன்னேன். இனி எதுக்கு லீவு? அப்படிப் பார்க்காத."

மறுநாள் தரகர்கிட்ட விலாசம் கேட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர்கிட்ட சில்லறை கேட்கவே கூசுதவ நான். மாப்பிள்ளையோட அம்மா வாசல்லயே நிறுத்திட்டாங்க.

"அவர் குடிகாரரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க ஆச்சி."

"ஒரே வார்த்தையில சொல்லித்தான் தாயி கெடுத்தேன். இப்ப விவரமாச் சொல்லுதேன்... கேட்பீகளா?"

அவங்க உள்ளே போய் ஒரு பாய் எடுத்துட்டு வந்து விரிச்சாங்க.

பதில் இன்னும் வரல. தெருவுல அவரை இப்ப 'பெரிய முத்தையா'ன்னு சொல்லிப் பழகுதேன். நேத்து ரெண்டு தடவை நாக்கு பழைய பேருக்கே ஓடிருச்சு.

ஒண்ணை விடுறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கே இப்பத்தான் தெரியுது!